சிலுப்பாத கிடா

1

இந்தக் கதை நான் கொட்டிய தண்ணீரிலிருந்து வந்தது. வேறு உயர்ந்த இடத்திலிருந்து வந்ததாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அது அரிசி களைந்த தண்ணீர். வந்த இடம் எங்கள் மாடிச் சமையலறை ஜன்னல்.

திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு சந்து. ஜன்னல் வழியாக எதையும் கொட்டக் கூடாது என்பது வீட்டுக்காரர் கட்டளை. எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டுவது என் வழக்கம். அன்று பார்க்கவில்லை. (வேறொரு கதைக்கு நல்ல தொடக்கம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதை இன்றுவரை தொடங்கவில்லை.)

கீழே ஒரு ஆடு நின்றிருந்தது. தண்ணீர் அதன் முதுகில் விழுந்தது. கழுத்திலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. சிதறிய தண்ணீர் முழுவதும் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்திருந்த கோலமாவுக்காரி மூக்காயியின் மேலும், அவளுடைய மாவின் மேலும் விழுந்தது.

திட்டப் போகிறாள் என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். திட்டவில்லை. சிரித்தாள்.

"ஏங்கம்மா, மாடியில இருக்கிறவங்களே! நீங்க கேட்டதுக்கு ஆடு சரின்னு சொல்லிருச்சு. என்னத்தக் கேட்டீங்க?"

பாதி மாவு கட்டியாகிவிட்டது. மேலே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். மூக்காயிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு, பின்னால் பிழைப்புக்குத் திருச்சி வந்தவள். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"எங்க ஊர்ல ஒரு கெடா சரின்னு சொல்ல மாட்டேன்னுருச்சு. ஊரே அதுக்கிட்ட மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது என்றேன். இப்போது பாதி தெரியும். மீதியை நான் செய்தேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே கலந்துவிட்டது.

2

கதைக்குள் போவதற்கு முன் இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். விளக்கம் சொன்னால் கதை கட்டுரை ஆகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது என்ற பயம் அதைவிடப் பெரியது.

முதல் வழக்கம். அந்தப் பக்கத்தில் அம்மனுக்குக் கிடா வெட்டுவதற்கு முன் கிடாவிடம் கேட்பார்கள். மாலை போட்டு, அம்மன் முன்னால் நிறுத்தி, மஞ்சள் கலந்த தண்ணீரை ஒரு செம்பு முதுகில் ஊற்றி, "ஆத்தா, சம்மதமா?" என்று பூசாரி கேட்பார். கேள்வி அம்மனுக்கு. பதில் சொல்ல வேண்டியது கிடா. உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பும்வரை வெட்டக் கூடாது. எல்லாக் கிடாவும் சிலுப்பிவிடும். நனைந்த ஆடு வேறென்ன செய்யும்?

இரண்டாவது, காப்பு. திருவிழாத் தொடக்கத்தில் அம்மன் கையிலும் பூசாரி கையிலும் அம்பலகாரர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டிய நேரத்தில் ஊருக்குள் யார் இருக்கிறார்களோ, பின்னால் வந்து ஊருக்குள் யார் ஒரு ராத்திரி தங்குகிறார்களோ, அவர்கள் காப்பு அவிழ்க்கும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். ஊருக்குள் உலக்கை போடக் கூடாது. சவரம் கூடாது. தாளிக்கக் கூடாது.* புருஷன் பெண்டாட்டி சேர்ந்து படுக்கக் கூடாது. எட்டு நாள் திருவிழாதானே. யாரும் இதைக் கஷ்டமாக நினைத்ததில்லை. எட்டாம் நாள் கிடா வெட்டு. அது முடிந்ததும் காப்பு அவிழும்.

இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். கிடா சிலுப்பாவிட்டால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் காப்பு அவிழாது. காப்பு அவிழாவிட்டால்—

* கடுகு வெடிக்கும் சத்தம் அம்மனுக்குப் பிடிக்காது என்கிறாள் மூக்காயி. எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று ஆண்கள் கட்டிவிட்ட கதை அது என்றும் அவளே சொல்கிறாள்.

3

தொடக்கங்கள்.

"யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், பங்குனி மாதம், பிடாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிய மாலை, வானம்" — வானம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. மூக்காயிக்கும் நினைவில்லை. விட்டுவிட்டேன்.

"பிச்சையம்மாள் அழகி" — இதை எழுதியதும் என் கை நின்றது. அழகி என்பது பிச்சையம்மாளுடைய அக்காவின் பெயர். செத்துப்போன அக்கா. இந்தக் கதையில் அந்தச் சொல்லை நான் அவளுக்குக் கொடுக்க முடியாது. ஏற்கெனவே வேறொருவர் கொடுத்துவிட்டார். அதுதான் அவளுக்குத் தொல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

"கிடா சிலுப்பவில்லை."

இது போதும். இதிலிருந்து தொடங்குகிறேன்.

4

கிடா சிலுப்பவில்லை.

பூசாரி நாகராசு ஒரு செம்பு ஊற்றி, "ஆத்தா, சம்மதமா?" என்றார். கொட்டுச் சத்தம் நின்றது. கிடாவும் நின்றது. தண்ணீர் முதுகின் இரு பக்கமும் வழிந்து வயிற்றுக்கடியில் சொட்டியது. கிடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"இன்னொரு செம்பு ஊத்துய்யா" என்றார் அடைக்கலம். அவர்தான் ஊர் அம்பலகாரர். எந்த விவகாரத்திலும் கடைசிப் பேச்சு அவருடையது. கிடா அவர் வீட்டுக் கிடா. கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிச்சையம்மாள் அவருடைய இளைய மகள்.

நாகராசு இன்னொரு செம்பு ஊற்றினார். கூட்டம் யோசனை சொல்லத் தொடங்கியது.

"காதுல ஊத்துங்கப்பா."

"காதுல ஊத்துனா எருமைகூடத்தான் சிலுப்பும். அது உத்தரவு ஆகுமா?"

"கெணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. அதான் கண்ண மூடிக்கிட்டு நிக்கிது."

"நாகராசு, நீ கேக்குறது அதுக்குக் கேக்கல. சத்தமாக் கேளு."

நாகராசு சத்தமாகக் கேட்டார். கிடா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு அரளிப்பூவைக் கடித்துப் பார்த்துத் துப்பியது.

பொழுது சாய்ந்தது. "ஆத்தாளுக்கு இன்னைக்கு மனசில்ல. நாளைக்குக் கேப்போம்" என்று நாகராசு அறிவித்தார். ஊர் கலைந்தது. யாரும் கவலைப்படவில்லை. ஒரு நாள்தானே.

[இங்கே கயிற்றைப் பிடித்திருந்த பிச்சையம்மாளின் முகத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கூட்டத்தில் எல்லாரும் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்ததாகச் சொன்னால் அது நியாயமில்லை.]

5

மறுநாளும் சிலுப்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

தண்ணீரில்தான் குறை என்று முடிவாயிற்று. குன்றாண்டார்கோவில் குளத்திலிருந்து ஒரு குடம் வந்தது. சித்தன்னவாசல் மலைச் சுனையிலிருந்து ஒரு குடம் வந்தது. கொண்டுவந்தவன் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டுமென்று ஓடியே வந்ததில் அரைக்குடம்தான் மிஞ்சியது. அடைக்கலத்தின் சிநேகிதர் ஒருவர், ஆவூரில் வாத்தியார், சேதி கேள்விப்பட்டு மாதா கோவிலில் மந்திரித்த தண்ணீரை ஒரு சீசாவில் எடுத்துவந்தார்.

"இது எப்படிங்க..." என்று நாகராசு இழுத்தார்.

"ஆத்தாளும் ஒரு தாய், மாதாவும் ஒரு தாய். ரெண்டு பேரும் பேசிக்கிறட்டுமே" என்றார் வாத்தியார்.

ஊற்றினார்கள். மூக்கில் வழிந்ததைக் கிடா நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது.

"ருசி பாக்குது. சம்மதம் சொல்லல" என்றார் நாகராசு.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. காப்பு அவிழவில்லை. ஊர் தனக்குத்தானே வழி கண்டுபிடித்துக்கொண்டது. உலக்கை போடக் கூடாதது ஊருக்குள்தானே? பெண்கள் உரல்களை உருட்டிக்கொண்டு எல்லைக்கல்லுக்கு அங்கிட்டுப் போய்க் கேப்பை குத்தினார்கள். நாவிதர் எல்லைக்கல்லுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் ஊருக்குள் நுழையும் முகம் தாடியோடு இருக்க வேண்டுமா கூடாதா என்று தகராறு வந்ததால், பாதிப் பேர் சிரைத்துக்கொண்டார்கள்; பாதிப் பேர் தாடியோடு அவர்களைக் கேவலமாகப் பார்த்தார்கள். தாளித்த ரசம் சாப்பிட ஆசைப்பட்டவர்கள் கரண்டியும் கடுகும் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பிறகு வெற்றிலைக் கடை வந்தது. வளையல்காரர் வந்தார். எல்லைக்கல்லைச் சுற்றி ஒரு சந்தையே கூடிவிட்டது. திருவிழா நடந்துகொண்டிருந்த ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லை; திருவிழாக் கூட்டமெல்லாம் வெளியே.

சைக்கிளில் ஒருவர் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தார். முந்திய மாதம் அவரிடம் சரி என்று சொல்லியிருந்த இளவட்டங்கள் பணிவோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வரணும்னுதான் ஆசைங்க. காப்பு இருக்கே. ராத்தங்கக் கூடாதுங்க."

"யுத்தத்துல எவன்யா பொழுது சாயிறதுக்குள்ள திருப்பி அனுப்புவான்?"

"அதாங்க நாங்களும் யோசிக்கிறோம். கெடா சிலுப்பட்டும், அன்னைக்கே வந்து துப்பாக்கியத் தூக்குறோம்."

அவர் கிடாவைப் போய்ப் பார்த்தார். கிடா அவரைப் பார்த்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை இளவட்டங்களின் தாய்மார்கள் ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை கொண்டுவந்து கிடாவின் முன்னால் போட்டார்கள்.

கிடா எல்லாருக்கும் வேண்டப்பட்டதாக இருக்கவில்லை.

"எனக்கு மாசியில கல்யாணம். பங்குனியில காப்பு" என்றாள் மூக்காயி, காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு. "எம் புருசன் கோயில்ல படுத்திருக்காரு. நான் மாமியாக்காரி பக்கத்துல படுத்திருக்கேன். சித்திரை போச்சு, வைகாசி போச்சு. அவர நான் பாக்குறதே எல்லைக்கல்லுலதான். நான் கேப்பை குத்துவேன், அவரு தாடியத் தடவிக்கிட்டு நிப்பாரு. அந்தக் கெடா மட்டும் தனியா மாட்டிருந்துச்சு, உப்புக்கூடப் போடாமக் கடிச்சுத் தின்னிருப்பேங்கம்மா."

அதாவது, இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் கிடாவின் எதிரி. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

6

இப்போது பிச்சையம்மாள்.

அவள் அந்த ஊரில் இருக்க வேண்டியவளே அல்ல. பொங்கலுக்குத் தாய்வீடு வந்தவள், திருவிழா முடிந்து போகிறேன் என்று தங்கினாள். அதற்குள் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்பு அவிழ்ந்த அன்று அவள் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். அவிழாதவரை வேண்டாம். கிடாவின் முதுகில் ஒவ்வொரு முறை தண்ணீர் விழும்போதும் அவளுடைய நாள்தான் நிச்சயமாகிக்கொண்டிருந்தது.

ஏன் அவள் போக விரும்பவில்லை? இங்கேதான் நான் பல நாள் நின்றேன்.

"வெள்ளைச்சாமி அவளைத் தினமும் மாட்டுச் சாட்டையால்" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். எழுத எளிதாக இருந்தது. அடுத்த தடவை மாவு விற்க வந்த மூக்காயியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அந்த மனுசன் கைய ஓங்கி ஒருத்தரும் பாத்ததில்ல. பொய்யா எழுதாதீங்க" என்றாள்.

"குடிப்பானா?"

"மோருதான் குடிப்பாரு."

"வேறு பெண் யாராவது?"

"ஏங்கம்மா, ஒரு பொம்பளை போகலேன்னா அடியோ, குடியோ, தொடுப்போதான் இருக்கணுமா? என்ன எழுதுறீங்க நீங்க!"

பிறகு அவள் சொன்னது இது. வெள்ளைச்சாமி முதலில் அழகியின் புருஷன். அழகி காய்ச்சலில் இறந்துபோனாள். நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம், உறவு விட்டுப்போகக் கூடாது என்று வருஷம் திரும்புவதற்குள் அடைக்கலம் இளைய மகளைக் கொடுத்துவிட்டார். அடைக்கலம் கெட்டவரல்ல. பிச்சையம்மாளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அழகியின் சேலைகளே இவளுக்குப் போதுமென்று புதிதாக எடுக்கவும் இல்லை. போய் இறங்கிய அன்று மாமியார், "அழகி, அந்த விளக்க ஏத்து" என்றாள். வாய் தவறிச் சொல்கிறாள் என்று இவள் நினைத்தாள். வெள்ளைச்சாமியும் அப்படியே கூப்பிட்டான். அக்காவை மறக்க முடியவில்லை போல என்று இவளும் பேசாமல் இருந்தாள். அக்கம்பக்கமும் அப்படியே கூப்பிட்டது.

இதற்கு மேல் மூக்காயி சொல்லவில்லை. இது நான்: ஒரு நாள் வாசலில் யாரோ "அழகி!" என்று கூப்பிட்டார்கள். பிச்சையம்மாள் உடனே, "இந்தா வாரேன்" என்று திரும்பினாள். திரும்பிய பிறகுதான் தெரிந்தது, திரும்பிவிட்டோம் என்று. அன்றுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

இதை எழுதி முடித்தபோது என் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. "அங்க என்ன பண்றே?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "ஒன்றுமில்லை" என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

7

வெள்ளைச்சாமி வாரம் தவறாமல் மாட்டுவண்டியோடு எல்லைக்கல்லுக்கு வந்தான். உள்ளே வந்து பொழுது சாய்ந்துவிட்டால் தானும் மாட்டிக்கொள்வோம் என்று பயம். வெளியே நின்றே கத்தினான்.

"அழகி! ஏய் அழகி! கெளம்பு!"

உரலைச் சுற்றி நின்ற பெண்கள் உலக்கையை நிறுத்தினார்கள்.

"எந்த அழகியத் தம்பி கூப்பிடுறீங்க? அவ போயி மூணு வருசமாச்சே."

"எம் பொண்டாட்டியக் கூப்பிடுறேன்."

"அவ பேரு பிச்சையம்மாள்ல?"

"வீட்டுல கூப்பிட்டுப் பழகிப் போச்சு. அதுக்கென்ன இப்ப? வரச் சொல்லுங்க."

பிச்சையம்மாள் கேப்பைக் கூடையோடு கல்லுக்கு இங்கிட்டு வந்து நின்றாள். "காப்பு இருக்குங்க" என்றாள். அவள் எப்போதும் சொன்னது அவ்வளவுதான். போக மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"பகல்ல போகலாம்ல? வழக்கத்துல எடம் இருக்குல்ல?" என்றான் அவன்.

இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வண்டியேறினாள். வெள்ளைச்சாமி வழியெல்லாம் பேசவில்லை. மாடுகளை மட்டும் பெயர் சொல்லி அதட்டினான். செவலைக்குச் செவலை என்றும் மயிலைக்கு மயிலை என்றும் பெயர் இருந்தது. ஒரு தடவைகூட மாறவில்லை. உச்சிப்பொழுதுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். "வந்துட்டியா அழகி, அந்தக் குடத்த வெளக்கு" என்றாள் மாமியார். பிச்சையம்மாள் குடத்தை விளக்கிக் கவிழ்த்து வைத்தாள். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டுமே, மறுபடி வண்டியேறினாள். மாடுகள் களைத்துவிட்டன. ஒரு குடம் விளக்குவதற்காக ஒரு நாள் வண்டிப்பாதை என்பது வெள்ளைச்சாமிக்கே கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பிறகு அவன் பகலில் அழைக்கவில்லை. கிடாவையே நம்பினான்.

8

(இந்தப் பகுதியை முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கே இப்போதுதான் தெரிய வந்தது.)

மூக்காயி இதைச் சாதாரணமாகச் சொன்னாள். மாவு அளந்துகொண்டே.

"அது எப்படிச் சிலுப்பும்? அவதான் தெனமும் குளிப்பாட்டுவாளே."

"யாரை?"

"கெடாவத்தான். நேந்துவிட்ட கெடா, அசிங்கம் படாம வச்சுக்கன்னு அவ அப்பன் சொன்னாரு. பொங்கலுக்கு வந்ததுலேருந்து கருக்கல்ல எந்திரிச்சுக் கெணத்தடியில கொண்டுபோயி நிறுத்தி, செம்பு செம்பா ஊத்துவா. நான் தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் பாப்பேன். மொத நாளு சிலுப்புச்சாம், மறுநா சிலுப்புச்சாம், அப்புறம் அதுக்கும் சலிச்சுப் போச்சு. பங்குனி வரைக்கும் ஊத்துனா ஆட்டுக்குத் தண்ணியும் காத்தும் ஒண்ணுதான்."

"வேண்டுமென்றே செய்தாளா?"

"அத நீங்கதான் சொல்லணும். நீங்கதான எழுதுறீங்க."

நான் மூன்று பிச்சையம்மாளை எழுதிப் பார்த்தேன். முதல் பிச்சையம்மாள் எல்லாம் தெரிந்தவள்; பொங்கலன்றே கணக்குப் போட்டுக் கிடாவைப் பழக்கினாள். அவளை எனக்குப் பிடித்தது. ஆனால் அவ்வளவு தைரியம் இருந்தவள் "என் பேரு அழகி இல்ல" என்று என்றோ சொல்லியிருப்பாள். இரண்டாவது பிச்சையம்மாளுக்கு ஒன்றும் தெரியாது; அப்பன் சொன்னதைச் செய்தாள். அவளை நான் நம்பவில்லை. மூன்றாவது பிச்சையம்மாள் பாதியில் தெரிந்துகொண்டாள். ஒரு காலையில் கிடா சிலுப்பாமல் நின்றதைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மறுபடி எடுத்து ஊற்றினாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன யோசித்தாள் என்பதுதான் கதை. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

9

ஆடி பிறந்தது. முதல் மழை பெய்து புழுதி அடங்கியது. காப்பு இருக்கும்போது விதைக்கக் கூடாது. இதற்கு எல்லைக்கல் வழி ஒன்றும் கிடையாது; நிலமெல்லாம் ஊருக்குள் கிடந்தது. அகத்திக்கீரை போட்ட தாய்மார்களே இப்போது கிடாவை முறைத்தார்கள். கோவில் முன்னால் ஊர் கூடியது. பகல் என்பதால் வெள்ளைச்சாமியும் துணிந்து உள்ளே வந்திருந்தான். பிச்சையம்மாள் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெடாவ மாத்துவோம்" என்றது ஒரு குரல்.

"நேந்துவிட்டத மாத்துனா ஊரு வெளங்குமா?" என்றார் நாகராசு.

"ரெண்டு சாத்து சாத்துனா தன்னால சிலுப்பும்."

"அடிச்சு வாங்குறது உத்தரவாடா?"

வெள்ளைச்சாமி முன்னால் வந்தான். "மாமா, ஒரு ஆடு ஒடம்ப ஆட்டலேங்கிறதுக்காக எம் பொண்டாட்டிய அனுப்ப மாட்டீங்களா? நறுக்குன்னு வெட்டிட்டு வேலையப் பாருங்க."

அடைக்கலத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன மாப்ளே பேசுறீங்க? வாயில்லாச் சீவன். அதுக்குச் சம்மதமான்னு கேக்காம எப்படி வெட்டுறது? பாவமில்லையா? இந்த ஊர்ல அப்படி ஒரு அக்கிரமம் இன்னைக்கு வரைக்கும் நடந்ததில்ல."

பிச்சையம்மாள் சிரித்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை, எங்கிருந்து சத்தம் வருகிறது என்று. கிடாவே சிரிக்கிறதோ என்று இரண்டு பேர் பின்வாங்கினார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"எதுக்குடி சிரிக்கிற?" என்று அவள் தாய் பொன்னுத்தாய் அதட்டினாள்.

"இல்ல ஆத்தா. ஐயா சொன்னது நல்லாருந்துச்சு" என்றாள் பிச்சையம்மாள். அப்பனை அவள் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிடாவின் பக்கத்தில், அம்மனைப் பார்த்து நின்றாள்.

"எனக்கும் ஒரு செம்பு ஊத்திக் கேளுங்கய்யா."

"என்னத்தக் கேக்குறது?"

"சம்மதமான்னு. அந்த வீட்டுக்குப் போகச் சம்மதமான்னு."

"நீ என்ன கெடாவா?" என்றான் வெள்ளைச்சாமி.

"கெடாவுக்கே கேக்குறீங்கள்ல?"

கூட்டம் நாகராசுவைப் பார்த்தது. நாகராசு அம்மனைப் பார்த்தார். "மனுசருக்கு ஊத்துற வழக்கம் இல்லையே..." என்றார்.

"கெடா சிலுப்பாம நிக்கிற வழக்கமும்தான் இல்ல. ஊத்துங்கய்யா. இதாச்சும் சிலுப்பட்டும்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. வெள்ளைச்சாமிக்கும் அது பிடித்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் எந்த உடம்பு சும்மா இருக்கும்? "ஊத்துங்க மாமா. சிலுப்புனா இப்பவே வண்டியக் கட்டிருவேன். சிலுப்பலேன்னா நானா வந்து கூப்பிட மாட்டேன். ஊரு சாட்சி."

நாகராசு செம்பை அடைக்கலத்திடம் கொடுத்துவிட்டார். "ஒங்க மக. நீங்களே கேளுங்க."

அடைக்கலம் செம்பைத் தூக்கினார். கிடாவுக்கு ஆத்தா என்று தொடங்கினால் போதும். மகளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாயைத் திறந்தார்.

"அழ—"

நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு மேலாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வந்ததில் அவர் நாக்கிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. கூட்டத்தில் சிரிப்பு நின்றது. செம்பு அவர் கையில் சாயத் தொடங்கியிருந்தது.

10

முடிவுகள்.

(அ) தண்ணீர் விழுகிறது. பிச்சையம்மாளின் உடம்பு சிலிர்க்கிறது. வெள்ளைச்சாமி வண்டியைக் கட்டுகிறான். இதை எழுதும்போது கை தடங்கலே இல்லாமல் ஓடியது. வாசலில் யாரோ கூப்பிட்டதும் அவள் திரும்பியதைப் போல ஓடியது. கிழித்துவிட்டேன்.

(ஆ) தண்ணீர் அவள் மேல் விழுகிறது. அவள் அசையவில்லை. பக்கத்தில் தெறித்த நாலு சொட்டு பட்டுக் கிடா சிலுப்புகிறது. காப்பு அவிழ்கிறது, ஊர் விதைக்கிறது, பிச்சையம்மாள் தப்பிக்கிறாள். எல்லாருக்கும் நல்லது. கிடாவைத் தவிர. இத்தனை மாதம் அவளுக்காக நின்றதை இப்படியா முடிப்பது?

(இ) திடீரென்று வானம் இருண்டு — வானத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டேன்.

மூக்காயியிடமே கேட்டேன்.

"கடைசியில் என்ன ஆயிற்று? நீ அங்கேதானே நின்றாய்?"

"நின்னேன். ஆனா நான் பாக்கலையே."

"எதைப் பார்த்தாய்?"

"எம் புருசனத்தான். அங்கிட்டு ஆம்பளைக கூட்டத்துல நின்னாரு. தாடியும் தானுமா. அவரும் என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு." அவள் முகம் வெட்கத்தில் வேறாகிவிட்டது. "எல்லாரும் ஓன்னு கத்துனாங்க. எதுக்குக் கத்துனாங்கன்னு தெரியாது."

"காப்பை அவிழ்த்தார்களா?"

"அவுக்காமயா நான் மூணு புள்ள பெத்தேன்? எப்பவோ அவுத்தாங்க. கெடா சிலுப்பி அவுத்தாங்களா, சிலுப்பாம அவுத்தாங்களா, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க."

"பிச்சையம்மாள்?"

அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். நாலு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"ஒண்ணு சொல்ல விட்டுட்டேங்கம்மா. கெடாவக் குளிப்பாட்டுவான்னு சொன்னேன்ல? கெடாவுக்கு ஒரு செம்பு ஊத்துவா, அடுத்த செம்பத் தன் தலையில ஊத்திக்கிருவா. கெடாவுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு. மாசிப் பனியில, கருக்கல்ல. பாக்குற எனக்கு ஒடம்பு நடுங்கும். அவ கல்லாட்டம் நிப்பா."

படியிறங்கிப் போய்விட்டாள். சந்தில் "கோலமாவேய்!" என்ற குரல் கேட்டது.

நான் மறுபடி ஒன்பதாம் பகுதியைத் திறந்து பார்த்தேன். அங்கே ஒன்றும் மாறவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிடா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. பிச்சையம்மாள் மூடவில்லை. செம்பு பாதி சாய்ந்திருக்கிறது; தண்ணீர் விளிம்புவரை வந்து நிற்கிறது. அடைக்கலத்தின் கை வலிக்கத் தொடங்கியிருக்கும். அவரிடமிருந்து அதை வாங்க நான் போவதில்லை. ஜன்னலோரம் நின்று பார்க்காமல் கொட்டிய கை இது.

நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் ஊற்றத்தான் வேண்டும். ஊர் விதைக்கக் காத்திருக்கிறது. ஆனால் ஊற்றுவதற்கு முன் கேளுங்கள். கேட்கும்போது அவள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.